புதுப்பிப்பு: அக்கா மகளின் எம்ஆர்ஐ முடிவு

அக்காவின் கைக்குழந்தைக்குத் திடீர் திடீரென மூச்சு வாங்குகிறது, கண் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேனே, முடிவு வந்துவிட்டது: ஜூபேர் சிண்ட்ரோம். 1969-இல் மரி ஜூபேர் என்ற கனடா மருத்துவர் விவரித்தது. சிறுமூளையின் நடுப்பகுதி சரியாக வளரவில்லை. குறுக்குவெட்டுப் படத்தில் அந்த இடம் அப்படியே கடைவாய்ப் பல் மாதிரி இருக்கிறது. டாக்டர் விரல் வைத்துக் காட்டியதும் எங்களுக்கே தெரிந்தது.

மூச்சு வாங்குவது பெரும்பாலும் வளர வளரக் குறையுமாம். அதுவே பெரிய நிம்மதி. ஆனால் சிறுநீரகம், கல்லீரல், விழித்திரை மூன்றையும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

அப்புறம், "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று அக்காவைக் குடைந்தவர்களுக்கு: இது மரபணுக் கோளாறு, பெரும்பாலும் தாய் தந்தை இருவர் வழியாகவும் வருவது. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாச்சு. பிசியோதெரபி திங்கட்கிழமை தொடங்குகிறது.