பிரிட்டனில் முதல் டிசம்பர்: செலவில்லாமல் கொடுக்க ஒரு பெட்டி ஃபட்ஜ்

செப்டம்பர், அக்டோபரில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு டிசம்பர் பிறந்ததும் ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். பிள்ளையின் வகுப்பாசிரியை, அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று சொல்லித்தந்த பக்கத்து வீட்டு அம்மா என்று பட்டியல் நீளும். வாடகை முன்பணம், விசா கட்டணம், குளிருக்கான உடுப்பு எல்லாவற்றுக்கும் கொடுத்து முடித்த கையில் அப்போது என்ன மிச்சம் இருக்கும்? கடைகளில் அடுக்கியிருக்கும் பரிசுப் பெட்டிகளைப் பார்த்து மலைக்காதீர்கள். வீட்டில் செய்த இனிப்பைச் சின்னப் பெட்டியில் போட்டு, ஒரு வாழ்த்து அட்டையோடு கொடுப்பது இங்கே மதிப்பான வழக்கம்.

எந்த இனிப்பு என்று கேட்டால், முதல் வருடம் ஃபட்ஜ் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் காய்ச்சி இறுக்கிய மெத்தென்ற துண்டு இனிப்பு அது. தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் கடற்கரைக்குப் போய்வருகிற குடும்பங்கள் வாங்கி வரும் பண்டம். இங்குள்ளவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய ருசி. ஸ்காட்லாந்தில் இதையே இன்னும் இறுக்கமாக, மணல்மணலாகச் செய்து டேப்லெட் என்கிறார்கள். நமக்கும் இது அந்நியமில்லை. இலங்கைத் தமிழர் வீடுகளில் டின்பாலும் சீனியும் முந்திரியும் போட்டுக் கிளறும் மில்க் டொபி இதற்கு உடன்பிறப்பு. மைசூர்பாகும் அதிரசமும் அருமையானவைதான். ஆனால் நெய் மணம் பழகாதவர்கள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு மரியாதைக்காகச் சிரிப்பார்கள். அவற்றை அறிமுகம் முற்றிய பிறகு கொடுக்கலாம்.

அளவு இதுதான்: 397 கிராம் கண்டென்ஸ்ட் மில்க் டின் ஒன்று, பால் 150 மில்லி, டெமராரா சர்க்கரை (பழுப்பு நிறப் பெருமணிச் சர்க்கரை) 450 கிராம், வெண்ணெய் 115 கிராம். கடையின் சொந்தப் பெயரில் விற்கும் மலிவு டின்னே போதும். பெரிய பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. வெண்ணெயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மார்ஜரின் போட்டால் வாயில் தெரிந்துவிடும். ஒரு தடவை கிளறினால் ஏறக்குறைய 900 கிராம் கிடைக்கும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் கொட்டி 36 துண்டு போட்டால், ஆளுக்கு ஆறு துண்டு வீதம் ஆறு பேருக்குக் கொடுத்துவிடலாம்.

அடிகனமான, உயரமான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்; கொதிக்கும்போது நுரைத்துக்கொண்டு மேலே வரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சிறுதீயில் சர்க்கரை முழுக்கக் கரையும்வரை கிளற வேண்டும். கரண்டியின் முதுகில் நறநறப்பு இருக்கும்வரை கொதிக்க விடாதீர்கள். பிறகு தீயைக் கூட்டி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பதம் வரும். தெர்மாமீட்டர் இருந்தால் 115 டிகிரி செல்சியஸ் பக்கம். இல்லாவிட்டாலும் கவலையில்லை: அதிரசத்துக்குப் பாகு பார்த்த கைக்கு இது தெரியும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால், கரையாமல் மெத்தென்று உருட்ட வர வேண்டும். வந்தவுடன் பாத்திரத்தை அடுப்பிலிருந்தே இறக்கி வைத்துவிடுங்கள். இங்குள்ள மின்னடுப்புகள் பலவற்றில் அணைத்த பிறகும் சூடு நிற்கும். அந்தச் சூடே பதத்தைத் தாண்ட வைத்துவிடும். கொதிக்கிற பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் குழந்தைகளை அந்த நேரத்தில் சமையலறைக்குள் விடாதீர்கள்.

இனிமேல்தான் கைவேலை. சூடாக இருக்கும்போதே அடித்துக் கலக்கினால் சர்க்கரை பெரிய பெரிய படிகமாக உறைந்து சொரசொரக்கும். கொஞ்சம் ஆறவிட்டு, மரக்கரண்டியால் விடாமல் அடித்தால் படிகங்கள் பொடிப்பொடியாக அமைந்து வழுவழுப்பு வரும். பளபளவென்று இருந்த குழம்பு மெல்ல மங்கி, கரண்டி போன தடம் மூடாமல் நிற்கும். அந்தக் கணத்தில் பேக்கிங் பேப்பர் விரித்த தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள்; தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, அல்லது மேலே தூவக் கல்லுப்பு ஒரு சிட்டிகை. இரண்டையும் ஒன்றாகப் போட வேண்டாம். ஆறிய துண்டுகளைக் காற்றுப்புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஈரம் கோத்துப் பிசுபிசுக்கும்.

பகிர்ந்து தங்கும் வீட்டில் அடுப்பு கிடைப்பதே சிரமம் என்கிற மாணவர்கள், கோகனட் ஐஸ் செய்யலாம். பெயரில்தான் ஐஸ், இது தேங்காய் மிட்டாய். கண்டென்ஸ்ட் மில்க் 250 கிராம், ஐசிங் சர்க்கரை (மாவாகப் பொடித்த சர்க்கரை) 250 கிராம், உலர்ந்த தேங்காய்த் துருவல் 200 கிராம் சேர்த்துப் பிசைந்து, பாதிக்கு இளஞ்சிவப்பு நிறம் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி ஒரு இரவு காயவிட்டால் தீர்ந்தது. அடுப்பே வேண்டாம்.

பெட்டியைவிட முக்கியமானது அதன்மேல் ஒட்டும் சீட்டு. என்னென்ன போட்டீர்கள், என்றைக்குச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். பால், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள் எல்லாம் இங்கு சட்டம் பட்டியலிட்டிருக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் அடங்கும். பரிசுக்குச் சீட்டு கட்டாயமில்லை என்றாலும், ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்டது இது. முந்திரி போடாவிட்டாலும், அதே சமையலறையில் புழங்கியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். பல பள்ளிகள் கொட்டை வகைகளை உள்ளேயே விடுவதில்லை. கடலைமிட்டாயை ஆசிரியைக்கு அனுப்ப வேண்டாம். பால் தொடாத வீகன் நண்பருக்குப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுங்கள், நெய் மட்டும் சேராமல்.

டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் எல்லார் வீட்டிலும் இனிப்பு குவிந்து கிடக்கும். வேறு ஊருக்குத் தபாலில் அனுப்புவதானால், தட்டையான பெட்டியாகப் பாருங்கள்: தடிமன் 2.5 சென்டிமீட்டர், எடை 750 கிராமுக்குள் அடங்கினால் இங்குள்ள தபால் சேவையான ராயல் மெயிலில் பார்சல் கட்டணம் தேவையில்லை, பெரிய கடிதக் கட்டணமே போதும். பிரான்சிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சொந்தங்களுக்குப் பால் சேர்ந்த இனிப்பை அனுப்பும் முன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனிநபர்கள் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பால் பொருள்களை அனுப்ப அனுமதியில்லை.

ருசி பார்த்த யாராவது, காசு தருகிறோம், எங்களுக்கும் செய்து தாருங்கள் என்று கேட்பார்கள். தொடர்ந்து விற்பதாக இருந்தால், தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள் முன்பே உங்கள் உள்ளூர் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பணம் வாங்கும் முன் உங்கள் விசா அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது.