மறு: ‘ஐ-ஈக்காலஜி’க்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். இணையத்தில் கிடக்கும் படம், காணொளிகளை வைத்து உயிரினங்களை ஆராயும் துறைக்குத்தான் (iEcology) பெயர் தேடுகிறோம்.

> ‘இணையச் சூழலியல்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாக. வீட்டிலேயே சோதித்துவிட்டேன். அக்கா மகள் விலங்கியல் முதுகலை படிக்கிறாள். ஆஸ்திரேலியா போன மைனாதான் அவள் ஆய்வுப்பொருள். இந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் அப்பா, “கூகுளும் ஃபேஸ்புக்கும் ஒண்ணை ஒண்ணு எப்படி விழுங்குதுன்னு படிக்கிறதா?” என்றார். ‘இணையவழி’ என்றால் ஜூம் வகுப்பு. ‘ஐ’யை அப்படியே ஒட்டினால் ஐம்புலன், ஐவகை வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

2020-ல் இவான் யாரிச்சும் உடன் எழுதியவர்களும் ‘ஐ-ஈக்காலஜி’ என்ற பெயரை முன்வைத்தார்கள். வேறெதற்கோ இணையத்தில் போட்டதிலிருந்து உயிரினங்களைப் பற்றி அறிவது, அதுதான் கரு. ஈபேர்ட் தளத்தில் பறவைக் கணக்கு போடுகிறவர் தெரிந்தே தருகிறார். அதற்கு ‘மக்கள் அறிவியல்’ இருக்கிறது. யூடியூபில் போடுகிறவருக்கு அந்த நினைப்பே கிடையாது.

நேற்று அவள் காட்டிய காணொளி 40 விநாடி. மரப்பொந்தின் வாயில் ஒரு மைனா தலையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறது. பக்கத்துக் கிளையில் ஒரு ரோசெல்லா கிளி, இருக்கவும் முடியாமல் போகவும் மனமில்லாமல். ஜோடி மைனா அலகில் பிளாஸ்டிக் துணுக்கோடு உள்ளே நுழைகிறது. எடுத்தவர் திட்டுவது பின்னால் கேட்கிறது. அவருக்கு அது கொல்லைப்புறத் தொந்தரவு. இவளோ எது காவல், எது குடிபுகுவது, கிளி எத்தனை நொடி தாக்குப்பிடித்தது என்று குறித்துக்கொண்டிருக்கிறாள். 1860-களில் பூச்சி தின்னட்டும் என்று மெல்பர்னில் கொண்டுபோய் விட்ட பறவை. எங்கள் தெருக் கரண்ட் கம்பியில் இருப்பதும் அதே இனம்தான். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் அது இருக்கிறது என்றால் அம்மா நம்பவில்லை. (சிலர் ‘வந்தேறி’ என்று எழுதுகிறார்கள். மனிதரைத் திட்டும் சொல்லைப் பறவைக்கு வைக்க எனக்குக் கை வரவில்லை.)

சொல்லில் ‘இணையம்’ வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் ‘தற்செயல்’ வரவேண்டும்.

சேலம், அஸ்தம்பட்டி

மறு: மறு: ‘ஐ-ஈக்காலஜி’

அண்ணா,

> அந்தத் ‘தற்செயல்’ வரவேண்டும்.

‘தற்செயல் தரவு’ என்றால் புள்ளியியல்காரர்கள் சமவாய்ப்பில் பொறுக்கிய மாதிரி (random sample) என்று எடுத்துக்கொள்வார்கள். இது அதற்கு நேர் எதிர், முழுக்க ஒருபக்கச் சாய்வு. ஏற்காட்டுப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். மே மாதக் கோடை விழாவிலும் சனி, ஞாயிறிலும் குவியும். அதை நம்பினால், இங்குள்ள பறவைகள் வார இறுதியில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகின்றன என்று எழுத வேண்டியதுதான். எடுத்த தேதி ஒன்று, போட்ட தேதி ஒன்று. அதோடு, சும்மா இருக்கும் மைனாவை யார் படமெடுக்கிறார்கள்?

என் யோசனை ‘உதிர்தரவு’. காபிப் பழம் பறித்து முடித்ததும், செடியடியில் உதிர்ந்து கிடப்பதைத் தனியாகப் பொறுக்குவோம். விட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதில் பெருகும். (அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஊடுருவிதான், இந்தியாவில் 1990-ல் நீலகிரி கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்டது.) இந்தத் தரவும் அப்படிப் பொறுக்குவதுதான். துறைக்குப் பெயர் ‘உதிர்தரவுச் சூழலியல்’.

ஏற்காடு

மறு: மறு: மறு: ‘ஐ-ஈக்காலஜி’

பிடித்திருக்கிறது. ஒரே பயம், தட்டச்சில் ‘உதிரித்தரவு’ ஆகிவிடும். பூக்கடையில் உதிரி என்றால் தொடுக்காத பூ. வண்டிக்கடையில் உதிரி பாகம். ‘உதிர்தரவு’ வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. நடுவில் ‘த்’ போடக்கூடாது. உதிர்ந்தது, உதிர்வது, உதிரப்போவது மூன்றும் அடங்குவதும் வசதி. காணொளிகள் இன்னும் விழுந்துகொண்டேதானே இருக்கின்றன.

அக்கா மகள் ஆய்வுத் தலைப்பிலேயே போட்டுவிட்டாள்: ‘உதிர்தரவு வழியே மைனாவின் பொந்துப் போட்டி’. ‘சூழலியல்’ எங்கே என்று கேட்டேன். “ஒரு வரிக்கு மேல போகக்கூடாதாம் மாமா.”

சேலம், அஸ்தம்பட்டி