ட்ராக்கில் ஓடுகிற ஆட்கள் ரோட்டில் ஓட வந்தால்... பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உச்சிப்புளி ஓட்டக்காரன்:
தனுஷ்கோடி ரோட்டில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 19 கிலோமீட்டர். எங்களுக்குள்ளேயே ஒரு பந்தயம். ஆடிக் காற்று, திரும்பும்போது இடது பக்கமாக மணலை வாரி அடித்தது. 1500 மீட்டரில் பேர் வாங்கிய பையன் ஒருவன் என் வலது தோளோடு ஒட்டிக்கொண்டான். மணல் முழுக்க எனக்கு. சர்ச் தாண்டி, சத்திரம் கண்ணில் படுகிற இடத்தில் மூச்சே வாங்காமல் கேட்டான்: “அண்ணே, இன்னும் எத்தனை ரவுண்டு?” நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முதுகுதான் தெரிந்தது. நக்கலா, நிஜமாகவே கேட்டானா? மறைவில் வந்து கடைசியில் பாய்வதெல்லாம் ரோட்டு ஓட்டமா?

கீழக்கரை வாசகி:
அதுவும் ஓட்டம்தான் சகோ. 2023 லண்டன் மாரத்தான், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், நம்மூர் நேரத்துக்கு மதியம். நெதர்லாந்து ஓட்டக்காரி சிஃபான் ஹசனுக்கு அதுதான் முதல் மாரத்தான். 2019 தோஹா உலகச் சாம்பியன்ஷிப்பில் 1500, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். பாதித் தூரம்கூட வரவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். காலை நீட்டி மடக்குகிறார், முன்னால் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. “அவ்வளவுதான்” என்று எங்கள் காக்கா, அதாவது அண்ணன், தூங்கப் போய்விட்டார். நோன்பு மாசத்துப் பயிற்சியில் ஓடிக்கொண்டே தண்ணீர் குடித்துப் பழகவில்லையாம். பாட்டிலுக்காகக் குறுக்கே பாய்ந்து மோட்டார் பைக்கில் மோத இருந்தார். கடைசிப் பாய்ச்சலில் 2:18:33, முதலிடம்! நானும் நோன்பில் அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு அப்புறம் ஓடுகிறவள். அந்தப் பாட்டில்தான் கண்ணிலேயே நிற்கிறது. காக்கா இன்னும் நம்பவில்லை, ஹைலைட்ஸில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்கிறார்.

தொண்டி, ரிட்டயர்டு பி.டி. வாத்தியார்:
ஹசனைக் காட்டிப் பிள்ளைகளை உசுப்பேற்றாதீர்கள் அம்மா. எங்கள் 800 மீட்டர் பையன் ஒருவன் பாம்பன் பாலத்தின் மேட்டிலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். கீழே ரயில் போனது, அதைக்கூட அவன் பார்க்கவில்லை. நார்வேக்காரர் யாகோப் இங்கெப்ரிக்ட்சன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கம். அடுத்த மாசமே கோபன்ஹேகன் அரை மாரத்தானில் 10 கிலோமீட்டர் வரை முன்வரிசை, அப்புறம் தள்ளாடி 63 நிமிடம் 13 விநாடி. நியூசிலாந்தின் ராட் டிக்ஸன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 1500 வெண்கலம் வாங்கினார், நியூயார்க் மாரத்தானை ஜெயித்தது 1983-ல். இடையில் 5000, அப்புறம் வருஷக்கணக்கில் ரோட்டு ஓட்டம். உடம்பு அப்படித்தான் பழகும். வாரம் ஒரு நீள ஓட்டம் போதும், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஈஸிஆரில் ரோட்டோரச் சரிவிலேயே ஓடினால் ஒரு பக்க இடுப்புதான் வாங்கும், திரும்பி வரும்போது ரோட்டைக் கடக்காமல் போன ஓரத்திலேயே வாருங்கள், சரிவு மறு காலுக்கு மாறும். வெயில் ஏறுமுன் முடியுங்கள். உப்புப் போட்ட நீராகாரம் குடியுங்கள், கலர் பாட்டில் எல்லாம் வேண்டாம். புது ஷூவைப் பந்தயத்தன்று போடாதீர்கள். தம்பிக்கும் சொல்கிறேன், பக்கக் காற்றில் யாராவது ஒட்டினால் காற்று வருகிற பக்கத்துக்கு எதிர் ஓரத்துக்கு நகர்ந்து, அவன் ஒதுங்க இடமில்லாமல் செய்ய வேண்டியதுதானே?

கீழக்கரை வாசகி:
சார், நியூயார்க்கில் டிக்ஸனும் கடைசி மைலில்தான், முன்னால் ஓடிய ஜெஃப் ஸ்மித்தைப் பிடித்தார். 9 விநாடி வித்தியாசம். அதை மட்டும் விட்டுவிட்டீர்களே?