குரல் வாக்கெடுப்பில் எங்கள் உறுப்பினர் என்ன சொன்னார்? – அனுபவப் பகிர்வு

பின்னலாடைத் தொழிலாளி, மேற்கு மாவட்டம்:

பெயரை எழுதினால் பேச்சு கட்சிச் சண்டையாகிவிடும் என்பதால் எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் பெயரைச் சொல்லாமலேயே எழுதுகிறேன். பின்னால் எழுதுவோரும் அப்படியே செய்தால் நல்லது.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது பலருக்கு நினைவிருக்கும். தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் கொண்டுவந்த அந்த மசோதா, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் 65-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, வேலை நேரம், இடைவேளை, மிகை நேர ஊதியம் ஆகியவை பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருவதாக இருந்தது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று அதைச் செயல்படுத்துவதை நிறுத்திவைப்பதாகவும், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகவும் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இவ்வளவும் செய்தித்தாளில் வந்தவை. நான் சொல்ல வந்தது இதற்கிடையே நடந்தது.

நிறுத்திவைப்பு அறிவிப்பு வருவதற்கு முன்பே, எங்கள் பகுதித் தொழிற்சங்கத்தார் சிலரோடு உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். வாசலில் ஓய்வூதியம், பட்டா, மருத்துவக் காப்பீட்டு அட்டை எனப் பலவிதமான மனுக்களோடு கூட்டம் நின்றது. அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, ஓரத்தில் ‘ஆவன செய்யவும்’ என்று எழுதி உதவியாளரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் மனு இல்லை, ஒரே ஒரு கேள்விதான் என்றோம். மசோதாவின் மீது வாக்கெடுப்பு நடந்தபோது நீங்கள் ‘ஆம்’ என்றீர்களா, ‘இல்லை’ என்றீர்களா என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “அது குரல் வாக்கெடுப்புங்கண்ணா, யார் என்ன சொன்னாங்கன்னு தனித்தனியா கணக்கு இருக்காது” என்றார். உண்மைதான். யாராவது டிவிஷன் கேட்டால் மட்டுமே ஏற்போர் இத்தனை பேர், மறுப்போர் இத்தனை பேர் என்று எண்ணுவார்கள். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை கோரியபோது எண்ணியதால்தான் 122க்கு 11 என்ற கணக்கு நமக்குக் கிடைத்தது. நம் வேலை நேரத்தையே மாற்றக்கூடிய ஒரு மசோதாவில் நம் பிரதிநிதி எந்தப் பக்கம் நின்றார் என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பதை அன்றுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

பிறகு அவர் மசோதாவுக்கு ஆதரவாக வாதாடினார். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறப்போவதில்லை, நாளுக்கு 12 மணி நேரமாக நான்கு நாள் உழைத்து மூன்று நாள் விடுமுறை எடுத்துக்கொள்ளலாம், மின்னணுத் துறை முதலீடுகள் வருவதற்கு இந்த நெகிழ்வு தேவைப்படுகிறது என்பது அவருடைய வாதம். எங்களோடு வந்திருந்த ஒரு பெண் டெய்லர், “சார், எட்டரைக்கு உள்ளே போய் எட்டரைக்கு வெளியே வர்றதுக்கு எங்க ஊர்ல ஒன்றரை ஷிப்ட்னு பேரு. அதை நாங்க இப்பவே பார்த்துட்டுதான் இருக்கோம். பீஸ் ரேட்காரிக்கு லீவு நாள்னா அன்னைக்குக் கூலி இல்லைன்னு அர்த்தம்” என்றார். உறுப்பினர் மறுபேச்சு பேசவில்லை. உதவியாளரிடம் இருந்த நோட்டை வாங்கி ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று தாமே எழுதிக்கொண்டார். மே மாதம் அதே மனிதர் ஒரு கூட்டத்தில் பேசியபோது, மசோதா திரும்பப் பெறப்பட்டதைத் தொழிலாளர்களின் வெற்றி என்று வரவேற்றார். எழுதிக்கொண்டதன் விளைவா, மேலிடம் மாறியதன் விளைவா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டாவதுதான் என்பது என் ஊகம்.

துணிக்கடை ஊழியர், மத்திய மாவட்டம்:

உட்காரும் உரிமைச் சட்டம் பற்றி எழுதுகிறேன். கேரளம் 2018இல் கொண்டுவந்ததைப் பின்பற்றி, 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு 2021இல் சேர்க்கப்பட்டது. எல்லாக் கடைகளிலும் ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலையின் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். எங்கள் உறுப்பினர் இந்தச் சட்டத்தை மேடைக்கு மேடை பாராட்டியவர். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன பெண்களைப் பற்றி அவர் பேசிய விதம், வீட்டில் ஒருவரைப் பார்த்துப் பேசுவது போலவே இருக்கும்.

நான் அப்போது வேலை பார்த்த கடையில் புதிய தளம் ஒன்றைத் திறந்துவைக்க அவரே வந்தார். ரிப்பன் வெட்டி முடித்து, மனைவிக்கு என்று புடவைப் பிரிவில் வந்து அமர்ந்தார். அவருக்கு எடுத்துக் காட்டும் வேலை என்னுடையது. பத்துப் பதினைந்து புடவைகளை விரித்துப் போட்ட பிறகு, “உங்களுக்கெல்லாம் உட்கார நாற்காலி போட்டிருக்காங்களாம்மா?” என்று தாமாகவே கேட்டார். பக்கத்தில் நின்ற மேலாளர் முந்திக்கொண்டு, “போட்டிருக்கோம் சார்” என்று அவர் அமர்ந்திருந்த வாடிக்கையாளர் நாற்காலி வரிசையையே காட்டினார். உறுப்பினர் ஒரு கணம் தம் நாற்காலியைக் குனிந்து பார்த்துவிட்டு, “இது எனக்குப் போட்டது. இவங்களுக்குப் போட்டது எங்கே?” என்றார். கிடங்கின் அருகே அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் முதுகில்லாத ஸ்டூல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

அந்த வாரமே ஸ்டூல்கள் விற்பனைப் பகுதிக்கு வந்தன. ஆனால் உட்கார்ந்தால் கண்காணிப்பாளர் முறைப்பார் என்பதால், தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன்பே அவற்றின் மேல் புடவைப் பெட்டிகள் ஏறிவிட்டன. இதைச் சொல்ல மறுபடி உறுப்பினரிடம் போனபோது, ஆய்வு செய்வது தொழிலாளர் துறையின் வேலை, உதவி ஆய்வாளருக்கு எழுதுங்கள், நானும் கடிதம் தருகிறேன் என்றார். கடிதமும் தந்தார். புகார் கொடுத்தவர் யார் என்று கடைக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அந்தக் கடிதத்தை எங்களில் யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவருடைய அக்கறையை நான் நடிப்பு என்று சொல்ல மாட்டேன். மீறிய கடைக்கு இதுவரை எத்தனை முறை அபராதம் விதித்தீர்கள் என்று மானியக் கோரிக்கை விவாதத்தில், அதாவது துறையின் செலவுக்கு அவை ஒப்புதல் தரும் விவாதத்தில், அவர் ஒருமுறை கேட்டிருந்தால், எங்கள் பெயர் வெளியே தெரியாமலேயே காரியம் நடந்திருக்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வட மாவட்டம்:

மேலே அம்மையார் கடைசியில் சொன்னது என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. மிதிவண்டி வழங்கும் விழாவுக்கு எங்கள் பள்ளிக்கு வந்த உறுப்பினர், நீட் தேர்வை எதிர்த்து அரை மணி நேரம் பேசினார். 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பியதையும், 2022 பிப்ரவரி 8 அன்று அதை மீண்டும் நிறைவேற்றியதையும் விரிவாகவே சொன்னார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்ததைப் பற்றியும், அது முந்தைய ஆட்சியில் வந்தது என்பதை மறைக்காமல் பேசினார். அந்த நேர்மையை நான் மதித்தேன். நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 விழுக்காடு என்பதையும் அவரே நினைவூட்டினார்.

விழா முடிந்து தேநீர் அருந்தும்போது, “ஐயா, நீட்டுக்கு எதிராகப் பேசினீர்கள், மகிழ்ச்சி. இந்தப் பள்ளியில் இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இல்லை. 7.5 விழுக்காட்டுக்குள் நுழைவதற்கும் இயற்பியல் வேண்டுமே” என்றேன். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஒருவரை வைத்துக்கொள்ளலாமே என்றார். 2022இல் அரசு அனுமதித்த ஏற்பாடு அது. முதுகலை ஆசிரியருக்கு அப்போது மாதம் 12,000 ரூபாய். அந்தத் தொகைக்கு எங்கள் ஊருக்குப் பேருந்து ஏறி வர யாரும் முன்வரவில்லை என்று சொன்னேன்.

அவர் தட்டிக்கழிக்கவில்லை. காலிப் பணியிட விவரத்தைப் பள்ளியின் முத்திரையோடு எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். நீட் பற்றிய தீர்மானத்தில் 200 பேர் ஒரே குரலில் பேசுவார்கள், அதில் ஓர் உறுப்பினரின் பங்கு எது என்று பிரித்துக் காட்ட முடியாது. ஒரு பள்ளியின் காலி இடத்தைக் கேட்க அந்தத் தொகுதிக்காரர் ஒருவர்தான் உண்டு. நான் ஓய்வு பெறும் முன்பே கலந்தாய்வில் எங்கள் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்தார். உறுப்பினரின் முயற்சியால்தான் வந்தார் என்று நான் உரிமை கொண்டாடவில்லை.

காலை உணவுத் திட்டத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியில் அதை எதிர்த்து ஒரு கட்சிக்காரரும் பேசிக் கேட்டதில்லை என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இரு பிள்ளைகளின் தந்தை, தென் மாவட்டம்:

எல்லோரும் ஓரளவு நல்லதாகவே எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது அப்படியில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18 அன்று குழு அறிக்கையைக் கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதி அடையாளத்தை நீக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பன போன்ற பரிந்துரைகள் அதில் இருந்தன. எங்கள் ஊர்ப் பள்ளியில் கயிறு பெரிய பிரச்சினை. எந்த நிறம் எந்தத் தெரு என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பெற்றோர் சிலர் சேர்ந்து, அறிக்கையைச் சட்டமன்றத்தில் நீங்கள் ஆதரித்துப் பேச வேண்டும் என்று உறுப்பினரைக் கேட்கப் போனோம்.

தொழிலாளர் கூலி பற்றி, பள்ளிக் கட்டடம் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர் அவர். நாங்கள் பேசப் பேச அவருடைய முகம் இறுகியது. “அது உணர்வுபூர்வமான விஷயம்ண்ணே, அரசு முடிவெடுக்கட்டும்” என்றார். மனுவை வாங்கக் கையை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டில் இரு வண்ணத்தில் புதுக் கயிறு இருந்தது. அந்த வாரம்தான் ஒரு குருபூசைக்குப் போய் வந்திருந்தார். எங்களில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவரும் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

எல்லாக் கட்சிகளிலும் இதே நிலைதான் என்று சொல்லி நான் அவரைத் தப்பவிட மாட்டேன். குரல் வாக்கெடுப்புக்காவது ஒரு நாள் குறித்து அவையில் கேள்வி வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் எங்கள் உறுப்பினரிடம் யாரும் எதையும் கேட்பதே இல்லை.

பின்னலாடைத் தொழிலாளி, மேற்கு மாவட்டம்:

உறுப்பினர் அவையில் பேசியதை எப்படித் தெரிந்துகொள்வது என்று இருவர் தனியே கேட்டிருந்தார்கள். கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையாக வருகிறது. விவாதங்களின் முழு நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிடப்படுகின்றன. உங்கள் தொகுதிக்காரர் எந்தத் துறை மானியத்தில் பேசினார் என்று தேதியைக் குறிப்பிட்டு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பேரவைச் செயலகத்தைக் கேட்கலாம். விண்ணப்பத்தில் ‘என்ன பேசினார்’ என்று பொதுவாக எழுதாமல், ‘இன்ன நாள், இன்ன மானியக் கோரிக்கை’ என்று எழுதுங்கள்.

வேலை நேரப் பேச்சு முடிந்துவிடவில்லை. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுக்கான விதிகளை வகுப்பதில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் சங்கம் இம்முறை முன்கூட்டியே உறுப்பினருக்கு எழுத்தில் கடிதம் கொடுக்கிறது. வேலை நேரம் தொடர்பாக எது அவைக்கு வந்தாலும் டிவிஷன் கேட்பீர்களா என்பது மட்டுமே அதில் உள்ள கேள்வி. ‘ஆவன செய்யவும்’ என்று எழுதித் திருப்பித் தந்தால், ஆவன செய்ய வேண்டியவர் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு வரப்போவதாக எங்கள் டெய்லர் அக்கா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.