கான்டாக்ட் லென்ஸ் போட்டுத் தூங்கி எழுந்து கண் சிவந்தவங்க இருக்கீங்களா?

தூரப்பார்வை:
என் தங்கைக்கு நடந்தது. மாசத்துக்கு ஒருதடவை மாத்துற லென்ஸ். அசதியா இருந்தா அப்படியே படுத்துடுவா, குளிக்கும்போதும் கழட்ட மாட்டா. ஒருநாள் காலையில இடது கண்ணைத் திறக்க முடியல. வெளிச்சம் பட்டாலே தண்ணியா கொட்டுது. டாக்டர் ஒரு ஆரஞ்சு நிறத் தாளை நனைச்சு இமைக்குள்ள தொட்டு வெச்சு, நீல விளக்கைப் போட்டார். பக்கத்துத் திரையில நானும் பார்த்தேன். கருவிழி மேல பச்சையா மினுங்குற ஒரு திட்டு. மேல்தோல் உரிஞ்ச இடத்துலதான் அந்தச் சாயம் பிடிக்குமாம். அடுத்து அவர் கேட்டது, "லென்ஸ்ல தண்ணி பட்டுச்சாம்மா?"

அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துது. குழாய்த் தண்ணியில அகாந்தமீபான்னு ஒரு நுண்ணுயிரி இருக்கலாம். அது லென்ஸோட சேர்ந்து கருவிழிக்குள்ள புகுந்துட்டா மாசக்கணக்குல மருந்து விடணும், சிலருக்குப் பார்வையே போயிடும். இவளுக்கு பாக்டீரியாதான், ஆறிடுச்சு. சின்னத் தழும்பு நின்னுபோச்சு. லென்ஸ் வித்தவங்க நிறத்தைப் பத்தி அவ்வளவு பேசினாங்க, தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

மழைத்துளி:
எங்க அலுவலகத்துல ஒரு அக்கா கண்ணைக் கசக்கினாங்க, லென்ஸைக் காணோம். "பின்னாடி போயிடுச்சு, மூளைக்குப் போயிடும்"னு ஒரே அழுகை. போகவே போகாது. வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கிற சவ்வு அப்படியே மடிஞ்சு இமையோட உள்பக்கத்துல ஒட்டியிருக்கு, பின்னாடி போக வழியே இல்லை. லென்ஸுக்கான சொட்டு மருந்து விட்டு, கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை மெல்லத் தடவிக்கிட்டே இருந்தோம். ரெண்டா மடிஞ்சு மூக்கோரம் எட்டிப் பார்த்துச்சு.

தூரப்பார்வை, விக்கிறவங்களை மட்டும் குறை சொல்றது சரியில்ல. தண்ணி படக்கூடாதுன்னு உள்ள இருக்கிற தாள்லயே போட்டிருக்கு.

இரவுப்பணி:
மழைத்துளி, அந்தப் பொடி எழுத்தை யாருங்க படிக்கிறாங்க? சொல்ல வேண்டியது கையில கொடுக்கிறவங்க பொறுப்பு. என் அறைத்தோழன் லென்ஸைச் சுத்தம் பண்ற என்னோட பெராக்சைடு பாட்டிலை எடுத்து, சாதா சொல்யூஷன்னு நினைச்சு லென்ஸை அலசிக் கண்ணுல வெச்சுட்டான். அவன் போட்ட சத்தம் காதுலயே இருக்கு. அந்த பாட்டிலுக்குச் சிவப்பு மூடி வெச்சதே எச்சரிக்கைக்குத்தான், அதுகூட அவனுக்குத் தெரியாது. கூடவே வர்ற டப்பாவுல ஒரு பிளாட்டினம் வில்லை இருக்கும். அதுல குறைஞ்சது 6 மணி நேரம் ஊறினாத்தான் பெராக்சைடு தண்ணியும் ஆக்சிஜனுமா பிரியும். வேற டப்பாவுல ஊற வெச்சா பெராக்சைடு அப்படியே இருக்கும்.

புதுசா போடுறவங்களுக்குச் சேர்த்தே சொல்லிடுறேன். கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சுட்டுத் தொடுங்க. ஊறப்போட்டா போதாது, உள்ளங்கையில வெச்சு விரலால தேய்க்கணும், படிஞ்ச அழுக்கு அப்பத்தான் விடும். நேத்து மிச்சமிருந்த சொல்யூஷன் மேல புதுசை ஊத்தாதீங்க. டப்பாவைக் கவுத்துக் காய வையுங்க, 3 மாசத்துக்கு ஒருதடவை மாத்துங்க. கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது, அதுக்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் காத்துல இருந்துதான் வருது. லென்ஸையும் போட்டு இமையையும் மூடித் தூங்கினா அது திணறும். கண் சிவந்தா முதல்ல லென்ஸைக் கழட்டுங்க. வீட்டுல கிடக்கிற பழைய சொட்டு மருந்தை விடவே விடாதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்தா சிவப்பு குறைஞ்ச மாதிரி தெரியும், உள்ள கிருமி வளர்ந்துக்கிட்டே இருக்கும்.

அந்திவானம்:
எங்களோடது லென்ஸ் விஷயம் இல்ல. அப்பாவுக்கு ஒரு கண்ணுல திடீர்னு மின்னல் மாதிரி வெட்டு, கூடவே கருப்புப் புள்ளிகள். வலியே இல்லாததால கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு விட்டுட்டார். ஒரு சாயங்காலம் நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டு, "உன் முகம் பாதிதான்மா தெரியுது"ன்னார். விழித்திரை பிரிஞ்சிருந்தது. ஆபரேஷன் பண்ணியும் பழைய பார்வை வரல. விழித்திரைக்கு வலி தெரியாதுன்னு அன்னைக்குத்தான் கேள்விப்பட்டோம். மின்னல், புள்ளி, ஓரத்துல திரை விழுந்த மாதிரி நிழல், இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஓடுங்க.

தூரப்பார்வை:
அந்திவானம், அப்பாவுக்கு மைனஸ் பவர் அதிகமா? என் தங்கைக்கு மைனஸ் ஏழு. அவ்வளவு மைனஸ் இருந்தா விழித்திரை கிழியற வாய்ப்பு கூடுதல்னு டாக்டர் சொல்லியிருக்கார். கண் பாப்பாவை விரிக்கிற மருந்து விட்டுப் பார்க்கிற பரிசோதனையை இந்த வாரமே பண்ணிடுறோம்.