மறு: 'மனிதாபிமான இராணுவத் தலையீடு' (ஒரு நாட்டு மக்களைக் காக்க என்று வேறு நாடுகள் படை அனுப்புவது) – வேறு சொல் உண்டா?

> பத்திரிகைகள் எழுதி எழுதிப் பழகிவிட்டதே, மாற்றத்தான் வேண்டுமா?

ஐயா, அந்தச் சொல்லைப் பொதுவாக மாற்றச் சொல்லவில்லை. கட்டுரையில் கருத்துக் கணிப்பு பற்றிய பகுதியில்தான் இடிக்கிறது. 'மனிதாபிமான' என்றதும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், 'தலையீடு' என்றதும் மீதிப் பேர் முகம் சுளிப்பார்கள், அப்புறம் எதற்குக் கணிப்பு? 'குடிகாப்புப் படைநுழைவு' சரிவருமா?

அதைவிடப் பெரிய சிக்கல் 'பொதுமக்கள் மனப்பாங்கு'. எந்த நாட்டுப் பொதுமக்கள்? 1992 டிசம்பரில் சோமாலியாவில் பஞ்ச நிவாரணத்துக்குக் காவலாக அமெரிக்கப் படை இறங்கியபோது அமெரிக்காவில் நல்ல ஆதரவு. 1993 அக்டோபரில் மொகதிசுவில் ஒரே சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்து, ஒருவர் உடலைத் தெருவில் இழுத்துப்போன காட்சி தொலைக்காட்சியில் ஓடியதும், 1994 மார்ச் 31க்குள் வெளியேறிவிடுவோம் என்று அதிபர் கிளின்டன் அறிவித்துவிட்டார். அதே சண்டையில் நூற்றுக்கணக்கில் செத்த சோமாலியரின் ஊரார் என்ன நினைத்தார்கள் என்பதை எந்தச் சொல்லால் எழுதுவது? அந்தக் கெடு முடிந்த அடுத்த வாரமே ருவாண்டாவில் இனப்படுகொலை. அங்கே ஐ.நா. படையிலிருந்த பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் மூட்டை கட்டியது, ஏப்ரல் 21இல் பாதுகாப்பு அவை ஐ.நா. படையை 270 பேராகக் குறைத்தது. தலைநகர் கிகாலியில் உயிருக்கு அஞ்சி ஒளிந்துகிடந்தவர்களை யாரும் கணிப்பு எடுக்கவில்லை.

எனவே 'அனுப்புநாட்டுக் கருத்து', 'களநாட்டுக் கருத்து' என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்கிறேன்.

---

> 'களநாட்டுக் கருத்து'

இது பிடித்திருக்கிறது, மாலிக்கு அப்படியே பொருந்தும். பிரெஞ்சுப் படை இறங்கியபின் 2013 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா ஒல்லாந்த் அங்குள்ள திம்புக்டு நகருக்குப் போனபோது பிரெஞ்சுக் கொடி பிடித்து ஆடிப்பாடி வரவேற்ற நாடு அது. சில வருடத்தில் தலைநகர் பமாகோவில் 'பிரான்சே வெளியேறு' ஊர்வலம், 2022 ஆகஸ்டில் கடைசி பிரெஞ்சு வீரரும் கிளம்பியாயிற்று. ஆனால் 'படைநுழைவு' வேண்டாம். மாலி அரசே கூப்பிட்டு வந்தவர்கள், கூப்பிட்டு வந்தவனை நுழைந்தான் என்போமா? காதுக்குப் படையெடுப்பு மாதிரியும் கேட்கிறது. 'படைச்செயல்' போதுமே.

---

'படைச்செயல்' எனக்கும் சம்மதம். 'குடிகாப்பு' மட்டும் உறுத்துகிறது. 2011இல் லிபியா பற்றிய பாதுகாப்பு அவையின் 1973 எண் கொண்ட தீர்மானமும் குடிமக்களைக் காக்க என்றுதான் சொன்னது, கடைசியில் கடாபி ஆட்சியே கவிழ்ந்தது. முதல் தடவை வரும் இடத்திலாவது 'குடிகாப்பு எனப்படும் படைச்செயல்' என்று போடுங்கள்.