டிராக்டரில் வந்த ஃபுஜிமோரி: பெருவுக்குச் செய்தது நல்லதா, கெட்டதா?

கரிசல்காட்டான்:
வேளாண் பொறியாளர் நாட்டை ஆண்டால் என்ன நடக்கும் என்பதற்கு தென் அமெரிக்க நாடான பெருவின் ஆல்பெர்ட்டோ ஃபுஜிமோரியைத்தான் காட்டுவேன். ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் மகன். 1961இல் லா மொலினா வேளாண் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறி, அங்கேயே கணிதம் கற்பித்து, 1984இல் அதன் தலைவராகவே ஆனார். 1990 அதிபர் தேர்தலில் டிராக்டரில் ஊர் ஊராகப் போய், ‘நேர்மை, தொழில்நுட்பம், உழைப்பு’ என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். எதிரில் நின்றவர் உலகறிந்த நாவலாசிரியர் மரியோ வர்காஸ் யோசா. அவரையே தோற்கடித்தார். அந்த ஆண்டு பணவீக்கம் 7,600 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1995இல் சுமார் 10 சதவீதம். ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிச ஆயுத இயக்கத்தின் தலைவர் குஸ்மான் பிடிபட்டதும் இவர் காலத்தில்தான். இதற்கு மேல் ஒரு ஆட்சியாளர் என்ன செய்ய வேண்டும்?

நொய்யல்:
தோழர், அந்த ஓட்டு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். விலைகளை ஒரேயடியாக ஏற்றிவிடும் யோசாவின் ‘அதிர்ச்சி வைத்தியம்’ ஏழைகளை வதைக்கும், நான் அதைச் செய்ய மாட்டேன் என்றுதான் கேட்டார். ஜூலை 28 பதவியேற்பு. ஆகஸ்ட் 8 இரவு அவருடைய அமைச்சர் தொலைக்காட்சியில் விலையேற்றத்தை அறிவித்து, ‘கடவுள் நமக்குத் துணையிருக்கட்டும்’ என்று முடித்தார். பெட்ரோல் விலை ஏறத்தாழ 30 மடங்கு ஏறியது.

குஸ்மானைப் பிடித்தது ஒரு சிறு போலீஸ் உளவுப் பிரிவு. அது 1990 மார்ச்சில், முந்தைய ஆட்சியில் தொடங்கப்பட்டது. தலைநகர் லிமாவில் ஒரு நடனப் பள்ளி வீட்டின் குப்பையைக் கிளறி, மருந்துக் குழாய்களையும் சிகரெட் துண்டுகளையும் வைத்தே ஆளை உறுதிசெய்தார்கள். 1992 செப்டம்பர் 12இல் ஓர் உயிரும் போகாமல் பிடித்தார்கள். ஃபுஜிமோரி ஆட்சியின் ராணுவக் கொலைப்படை செய்தது வேறு. 1991இல் லிமாவின் பாரியோஸ் ஆல்டோஸ் பகுதியில் 15 பேரைக் கொன்றார்கள். அதில் ஒரு சிறுவனும் உண்டு. அடுத்த ஆண்டு லா கன்டூட்டா பல்கலைக்கழகத்தில் 9 மாணவர்களையும் ஒரு பேராசிரியரையும் கடத்திக் கொன்றார்கள். பல்கலைக்கழகத்தை நடத்திய மனிதரின் ஆட்சியில்!

கரிசல்காட்டான்:
கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1983இல் லுகானமார்கா என்ற மலை ஊரில் குழந்தைகள் உட்பட 69 பேரை வெட்டிக் கொன்றது ஒளிரும் பாதை. மலைக் கிராமத்துக்காரனுக்குத் துப்பாக்கி கொடுத்து ஊர்க்காவல் அமைத்துக்கொள்ளச் சொன்னது ஃபுஜிமோரி. 1992 ஏப்ரல் 5இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது பெரும்பான்மை மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1995இல் 64 சதவீத ஓட்டு! அவ்வளவு பேரும் ஏமாந்தவர்களா?

வைகறை:
அண்ணா, நீங்கள் சொல்லும் அதே மலைக் கிராமத்துப் பெண்களைப் பற்றி இருவருமே பேசவில்லை. 1995இல் பெய்ஜிங் பெண்கள் மாநாட்டுக்கே போய், ஏழைப் பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு உரிமை தருவேன் என்று பேசியவர் இவர். அடுத்த ஐந்தாண்டுகளில் 2,70,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. சுகாதாரப் பணியாளர்களுக்கு மாதத்துக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைத்தார்கள். பூர்வகுடி மொழியான கெச்சுவா மட்டுமே தெரிந்த பெண்களிடம் ஸ்பானிஷ் படிவத்தில் கைரேகை வாங்கினார்கள். உணவு தருகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனதும் உண்டு, மிரட்டியதும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் புகார் கொடுத்திருக்கிறார்கள். 1990இல் அவரை நம்பி ஓட்டுப் போட்ட ஊர்கள் இவை. கிராமத்தை அறிந்த பொறியாளர், அந்த மனிதர்களை எண்ணிக்கையாகப் பார்த்ததுதான் எனக்கு ஆறவில்லை.

கரிசல்காட்டான்:
தங்கச்சி, திட்டம் தவறில்லை, கீழ்மட்டத்தில் நடந்த அத்துமீறல் அது. அந்த வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வைகறை:
இலக்கு வந்தது லிமாவிலிருந்து. கீழ்மட்டம் அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 2024 அக்டோபரில் ஐ.நா. பெண்கள் உரிமைக் குழு, பெரு அரசு அந்தப் பெண்களின் உரிமையை மீறியது என்றே முடிவு சொன்னது.

நொய்யல்:
வேறு வழக்குகளில் தண்டனை வந்ததே. 2000இல் அவருடைய உளவுத்துறை ஆலோசகர் மோன்டெசினோஸ் ஒரு எம்.பி.க்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுக்கும் வீடியோ வெளியானது. ஃபுஜிமோரி ஜப்பானில் இருந்தபடி ஃபாக்ஸில் ராஜினாமா அனுப்பினார். நாடாளுமன்றம் அதை ஏற்காமல் பதவியைப் பறித்தது. 2009 ஏப்ரல் 7இல், அந்தப் படுகொலைகளுக்காக, சொந்த நாட்டு நீதிமன்றமே 25 ஆண்டு சிறை விதித்தது.

கரிசல்காட்டான்:
2024 செப்டம்பர் 11இல் அவர் இறந்தபோது லிமாவில் வரிசையில் நின்றவர்களும் பெரு மக்கள்தான். விலைவாசி நாளுக்கு நாள் ஏறிய காலத்தையும் வெடிகுண்டுக் காலத்தையும் வாழ்ந்து கடந்தவர்கள். அவர்கள் நினைவைத் தீர்ப்பு ஒன்றால் அழிக்க முடியாது.

வைகறை:
அழிக்கச் சொல்லவில்லை அண்ணா. அறுவைக்குப் பிறகு ஒழுங்காக உழவு வேலை செய்ய முடியாமல் போன பெண்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கிறீர்களா, இல்லையா?